அவர் துணிக்கு அறுபது

இந்தக் காலத்து ஜனங்கள் எதையும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிச் சொல்லியே ஆளைக் குழியில் இறக்கிவிடுவார்கள்.

அவர் வாஷிங் மிஷினுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

உள்ளே அவர் வேட்டிகள் கிடந்தன. சூட்டுக் குமிழ் பூஜ்யத்தில் நின்றது.

இன்னும் கொஞ்ச நேரத்தில் அது அறுபதுக்குப் போகும். பார்த்துவிடலாம்.

எழுத்து அவருக்கு வராது. எண் வரும். திருப்பூரில் முப்பத்திரண்டு வருஷம் சாயப்பட்டறையில் நின்றவர். தொட்டிக்கு மேலே புறங்கையைக் காட்டினால் போதும், தண்ணீர் எத்தனை டிகிரி என்று சொல்லிவிடுவார். மாஸ்டரின் மீட்டர் தப்பும். அவர் கை தப்பாது.

மூக்கைத்தான் பட்டறை தின்றுவிட்டது. ஆவி ஏறி ஏறி அது எப்போதோ செத்துப்போனது. பக்கத்தில் கருவாடு வறுத்தாலும் தெரியாது.

அதனாலென்ன. கண் இருக்கிறதே.

கண் பத்து நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

மகன், மருமகள், பேத்தி துணியெல்லாம் ஒன்றாக. குமிழ் முப்பதில்.

அவர் துணி மட்டும் தனியாக. அறுபதில்.

அது மட்டுமா? அவர் மெத்தை மேல், விரிப்புக்கு அடியில், ரெக்சின் ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. புரண்டு படுத்தால் சரசரக்கிறது. விரிப்பு தினமும் மாறுகிறது. அறையில் காலையில் இரண்டு ஊதுபத்தி, சாயங்காலம் இரண்டு.

உயிரோடு இருக்கிறவன் தலைமாட்டில் எதற்கு ஊதுபத்தி?

போன மாதம் ஆஸ்பத்திரியில் அவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, டாக்டரும் மகனும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். வெளியே வந்த மகன், ஒன்றுமில்லை, வயசாகிவிட்டது என்றான். தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

சூடு எதற்கு என்று அவருக்குத் தெரியும். கிருமிக்கு. கிருமி என்றால் ஒட்டும்.

மூன்று நாளாகப் பேத்தியை மடியில் ஏற்றவில்லை.

மருமகள் சுகுணா டீ கொண்டுவந்தாள். வாங்கினார். பாதி குடித்தார். கை நடுங்கியது.

“அம்மிணி, எனக்கென்ன சீக்கு?”

“சீக்கா? ஒண்ணுமில்லீங்க மாமா. டீ ஆறுது, குடிங்க.”

“அப்புறம் எதுக்கு என் துணிக்கு மட்டும் அறுபது?”

“வேட்டி வெள்ளையில்லீங்களா. சூட்டுலதான் வெளுக்கும்.”

கொடியிலிருந்து தன் துண்டை இழுத்தார். வாங்கும்போது கிளிப்பச்சை. இப்போது வாடின வாழைப்பட்டை.

“இதும் வெள்ளையா? சாயப்பட்டறைக்காரன்கிட்டயே பூசி மெழுகறியா நீ?”

அவள் பார்வை அவர் வேட்டி மேல் ஒருதரம் விழுந்து, சட்டென்று கொடிக்குப் போய்விட்டது.

“ஒட்டற சீக்குன்னா சொல்லிப்போடு. கொழந்தை இருக்கற ஊடு. கட்டிலுக்கு அடியில பை கட்டி வெச்சிருக்கறேன். பட்டறைக்குப் பக்கத்துல ரூமும் பார்த்தாச்சு. போயிர்றேன்.”

அவள் அவர் கையிலிருந்து டம்ளரை வாங்கினாள். மிச்ச டீயைக் குடித்தாள்.

அண்ணாந்து அல்ல. அவர் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்து.

“போதுங்களா மாமா?”

அவள் கண் கலங்கியிருந்தது.

“பையைப் பிரிச்சு வெச்சிருங்க. பாப்பா ஸ்கூல் விட்டு வந்தா உங்களைத்தான் தேடுவா.”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் எச்சில் தட்டைக் கூட முகம் சுளிக்காமல் எடுத்தவள்தான். கொஞ்சம் நம்பலாம் போலிருந்தது.

எழுந்தார். நாலு எட்டு வைத்தார்.

பழக்கதோஷம். திரும்பிப் பார்த்தார்.

அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி மெத்தையின் உறையை அவள் உருவிக்கொண்டிருந்தாள். நேற்று மாற்றிய உறை. பூப்போட்ட சிவப்பு. நடுவில் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு நனைந்து கறுத்திருந்தது.

டீ சிந்தியிருக்கும். பாழாய்ப்போன நடுக்கம்.

அவர் பார்ப்பதைப் பார்த்ததும் அவள் உறையைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். திருடி அகப்பட்டவள் மாதிரி.

டீக்கறைக்கு யாராவது இப்படி ஒளிப்பார்களா?

அவர் தொட்ட இடம். அதுதான்.

கேட்கவில்லை. கேட்டால் மட்டும் சொல்லிவிடப்போகிறாளா? நடந்தார்.

பின்னால் மிஷின் கதவு திறந்து மூடியது. பிறகு குமிழ் திரும்புகிற சத்தம்.

டக். இருபது.

டக். முப்பது.

அவர் காலைத் தூக்கி வைக்காமல் நின்றார். முப்பதோடு நிற்கட்டும். சிவப்பு, சூட்டில் சாயம் போகிற துணி. அவளுக்கும் தெரியும்.

டக்.

டக்.

டீயைக் குடித்தாளே, என்றது மனசு.

குடிப்பாள். அவள் அப்படிப்பட்டவள்தான். அதனால் சீக்கு இல்லையென்று ஆகிவிடுமா?

அறைக்குள் போனார். ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது.

கட்டிலுக்கு அடியில் கைவிட்டு, பையின் முடிச்சை இன்னொருதரம் இறுக்கினார்.