மலை இறங்கிய கேரவன்

படுக்கையும் அடுப்பும் வைத்த கேரவன் ஒன்று, குட்டிக் கார் ஒன்றைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு மலையேறியது. "உன்னை இழுத்தே என் இடுப்பு ஒடியுது" என்று வழியெல்லாம் புலம்பியது.

இறக்கத்தில் காரின் பாரம் பின்னாலிருந்து தள்ளியது. கேரவன் பிரேக்கை விடாமல் அழுத்தியது. கருகல் வாடை வந்தது, வேகமோ குறையவில்லை. கேரவனுக்குக் குலை நடுங்கியது.

"அண்ணே, பிரேக்கையே நம்பாதீங்க. கியரைக் குறைங்க" என்றது கார்.

"எனக்கே சொல்லித் தர்றியா?" என்று சீறிய கேரவன், அடுத்த வளைவைக் கண்டதும் சத்தமில்லாமல் கியரைக் குறைத்தது. வேகம் அடங்கியது.

அடிவாரத்தில் ஒரு கூடாரம், "பயணம் எப்படி?" என்று விசாரித்தது.

"இந்தப் பயல் இறக்கத்தைப் பார்த்து நடுங்கிட்டான். நான்தான் கியரைக் குறைச்சுப் பத்திரமா கூட்டிட்டு வந்தேன்" என்றது கேரவன்.

"ஆமா" என்ற கார், கூடாரத்திடம் மெல்லச் சொன்னது: "அண்ணன் பிரேக்ல இன்னும் புகை வருது. ஆறுற வரைக்கும் கொஞ்சம் தள்ளியே நில்லு."