பாதி சார்ஜ்

சனிக்கிழமை மாலை ஜெபமணி அடித்து ஓய்ந்தபோது, முட்டம் பாறைகளுக்கு மேல் பெனினின் ரிமோட் விமானம் இன்னும் மிதந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து அவன் மனைவி அஜிஷாவுக்குக் கண் பூத்துப்போனது.

"துபாய்ல வேலை வேண்டாம்னு சொல்லியாச்சு," என்றான் பெனின். "இனி இஞ்சதான்."

"அப்போ நாளைக்கு இத எனக்க கையில தருவியளா?"

"பூசை முடிஞ்சதும் நீயே பறத்து. நான் பக்கத்துல நிக்கேன்."

"நான் பறத்தினா அது கடல்ல எறங்கி மீனு பிடிக்கும்."

"பிடிக்கட்டும் ஏட்டி, கறிக்கு ஆச்சு."

வீட்டுக்கு வந்ததும் பேட்டரிகளைச் சார்ஜரில் மாட்டிவிட்டு அவன் குளிக்கப் போனான். அஜிஷா கட்டிலில் சாய்ந்தாள். நாளை தன் விரல் அசைவுக்கு வானத்தில் ஒன்று திரும்பும் என்று நினைக்கவே உடம்பு லேசாகிப் போனது. கண்ணை மூடினால் பாறையும் கடலும் கீழே சின்னதாகத் தெரிந்தன.

சார்ஜர் கூவியது. சார்ஜ் நிறைந்துவிட்டது என்று எழுந்து போய்ப் பார்த்தாள். திரையில் 'ஸ்டோரேஜ்' என்றிருந்தது. பாதி அளவில் நிற்கும்படி வைத்திருந்தான்.

மறுநாள் பறத்துவதென்றால் முழுதாக ஏற்றுவான். மாதக்கணக்கில் தொட முடியாது என்றால்தான், பேட்டரி உப்பிக் கெடாமலிருக்கப் பாதியில் நிறுத்துவான். போன தடவை துபாய்க்குக் கிளம்பும்போது அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே அவன்தான்.

தலை துவட்டிக்கொண்டு வந்தவனை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"உங்களுக்க ஃப்ளைட்டு என்னைக்கு?"