அடிவாரம் இறங்கும் நேரம்

"டிக்கெட் வந்தாச்சு, காரும் வந்தாச்சு. இன்னும் சேலைகூட மாத்தலையா நீங்க?"

டிரைவர் ராஜேந்திரனுக்குப் பொறுமை போய்விட்டது. ஏற்காட்டிலிருந்து சேலம் ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போக அவனை வரச் சொன்னது தெரசம்மாள் இல்லை. சென்னையில் இருக்கும் அவள் மகன் ஏசுராஜ்.

தெரசம்மாளோ நிதானமாக மிளகு புடைத்துக்கொண்டிருந்தாள். ஏரிக்கரையில் அவளுக்கு ஒரு சின்னக் கடை.

"நான் போகலை சாமி. மெட்ராசு நொம்பத் தூரம்."

"பஸ்சுக்கும் இதையேதானுங்க சொன்னீங்க. ராத்திரி பூரா குலுங்கணும், ஒடம்பு தாங்காதுன்னீங்க. அதுக்குத்தான் அண்ணன் பிளேன் போட்டிருக்கார். இங்கிருந்து அடிவாரம் எறங்கற நேரந்தான், மெட்ராசு வந்துரும்."

"அடிவாரம் எறங்கறதுக்குள்ளயே எனக்குக் கொமட்டும். பஸ்சுன்னா நிறுத்தச் சொல்லலாம். பிளேனை எந்த வளைவுல நிறுத்துவே?"

"மேல ஏதுங்க வளைவு? ஒரே நேர்கோடு. ரோட்டைவிடத் தூரமும் கம்மி."

"அப்பக் காது அடைக்கும்."

எதைச் சொன்னாலும் ஒரு பதில் வைத்திருந்தாள். 'இனிமே எங்ககூடவே இருந்துடும்மா' என்று மகன் கூப்பிடுகிறான். எத்தனை பேருக்கு வாய்க்கும்? இந்த அம்மாவுக்கு நல்ல கொழுப்பு என்று ராஜேந்திரனுக்கு எரிச்சலாக வந்தது.

"மருமகளைக் கண்டா ஆவாதுன்னு நேராச் சொல்லிருங்கம்மா. பாவம், பிளேன் மேல எதுக்குப் பழி?"

தெரசம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்படியே வெச்சுக்க" என்றாள்.

அப்போது போன் அடித்தது. பேசியது ஆரோக்கியசெல்வி, மருமகளின் அம்மா. மகள் வீட்டோடுதான் இருக்கிறாள்.

"சொல்லுங்க சம்மந்தி... என்னது, பெட்டி கட்டிட்டீங்களா? முதியோர் இல்லத்துக்கா? மொதல்ல அதைப் பிரிச்சு வைங்க! நான் வரலீங்க. பிளேன்னாலே எனக்குக் கை காலெல்லாம் ஒதறுது... ஆமாங்க, மாதா சத்தியமா! உங்களுக்கு அவளை விட்டா யாரு இருக்கா? கூச்சப்படாம அங்கயே இருங்க."

போனை வைத்தவள், சுவரிலிருந்த மாதா படத்தைப் பார்த்து அவசரமாக ஒரு சிலுவை போட்டுக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு. மறுபடி முறத்தைக் கையில் எடுத்தாள்.

ராஜேந்திரனின் குரல் இறங்கிவிட்டது. "ஏனுங்கம்மா, பிளேன்னா நெசமாலுமே அவ்வளவு பயமா?"

"பயமா, எனக்கா? சன்னலோரம் உக்காந்து நம்ம மலையை மேலருந்து ஒருவாட்டி பாத்துரணும்னு எத்தனை நாள் ஆசை தெரியுமா? ஆனா எம் மகன் ஊட்டுல மிச்சமா இருக்கறது ஒரே ஒரு ரூமு சாமி. நான் போயி எறங்கினா, அந்தம்மா எங்க போயி எறங்குவாங்க?"