அஞ்சு பத்து

"ஒம் மவனுக்குச் சளி விட்டுருச்சா?"

இன்னும் விட்டிருக்கக் கூடாது என்ற ஆசை லிடியா டீச்சரின் குரலில் லேசாகத் தெரிந்தது.

நாகல் நகரில் அவள் வீட்டுப் பாத்திரம் துலக்கும் மாயக்காள், ஒன்றரை வயது கருப்பணனை இடுப்பில் வைத்தபடி ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றாள். பயல் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"விட்டுருச்சு டீச்சர். மூச்சு வாங்குன அன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடிட்டேன். மருந்து குடுத்தாக. இப்ப பாருங்க, இடுப்புல நிக்க மாட்டேங்கிறான்."

லிடியாவுக்கு வயிறு எரிந்தது. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே வயது, ஒரே வாரத்தில்தான் சளி. இவள் எம்.எஸ்சி. கணிதம், கணவனுக்கு இரண்டு கடை. அவளோ மழைக்குக்கூடப் பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்காதவள். ஆனால் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஆக்சிஜனோடு கிடப்பது இவளுடைய பிரின்ஸ். மெடிக்கலில் வாங்கிய சிரப்பை நம்பியிருந்ததில் நிமோனியா முற்றிவிட்டது. "திங்கட்கிழமையே வந்திருக்கலாமேம்மா" என்று டாக்டர் கடிந்துகொண்டார்.

அதைவிடக் கண்ணை உறுத்தியது மாயக்காள் கையிலிருந்த ஜெபமாலை. வேளாங்கண்ணியில் வாங்கி லிடியாவே கொடுத்ததுதான்; மணிக்கொரு ஜெபமாக, பத்துப் பத்து மணியாய் அஞ்சு பத்து சொன்னால் ஒரு மாலை முடியும். மாதா கோயில் வாசலை மிதிக்காதவள், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டதிலிருந்து வேலைக்கு வந்த இடத்திலும் அதை உருட்டிக்கொண்டே இருந்தாள். பரம்பரைக் கிறிஸ்தவள் நான் இருக்க, மாதா இவளுக்கா காது கொடுக்க வேண்டும்?

"எந்த ஜெபம்டி சொன்ன? எனக்கும் சொல்லிக் குடு."

"ஜெபமா? அதெல்லாம் எனக்கு எங்க டீச்சர் தெரியும்?" மாயக்காள் விழித்தாள். "எனக்கு எண்ண வராதுன்னு, ஊசி போட வார நர்சம்மா சொல்லிக் குடுத்த வழி இது. பிள்ளை நெஞ்சு ஏறி எறங்குறப்ப ஒரு மணி தள்ளணும். கடியாரத்துல ஓடுற முள்ளு ஒரு சுத்து வாரதுக்குள்ள நாலு பத்து தாண்டுச்சுன்னா, ஆஸ்பத்திரிக்கு ஓடணும்."

லிடியா கண்ணாடிக் கதவுப் பக்கம் திரும்பி, பிரின்ஸின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தாள்.

"திங்கக்கெழம நம்ம தம்பிக்கும் எண்ணிப் பாத்தேனே! 'டீச்சர், தம்பிக்கு அஞ்சு பத்து ஆயிருச்சு'ன்னு ஓடியாந்து சொன்னேன். நீங்கதான், 'ரொம்பச் சந்தோசம்டி, இன்னொரு அஞ்சு பத்து சொல்லு'ன்னீங்க. கணக்கு டீச்சராச்சே, தெரியாமயா சொல்லுவாகன்னு நானும் பேசாம உருட்டிக்கிட்டே இருந்துட்டேன்."