களை மசோதாவுக்குப் பச்சை விளக்கு

மாநிலச் சட்டசபையின் பார்வையாளர் மாடத்தில் வெர்லின் கூபிக் தொப்பியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, எதிர்ச்சுவரில் இருக்கும் பெரிய பலகையையே பார்க்கிறார். உறுப்பினர்கள் பொத்தானை அழுத்த அழுத்த, அவரவர் பெயருக்கு அருகே பச்சை விளக்கு எரிகிறது. "பாத்தியா ஜோலின், களையை ஒழிக்கணும்னா மட்டும் எல்லாரும் ஒண்ணு சேந்துடுறாங்க" என்று பக்கத்து இருக்கையில் இருப்பவளின் காதோடு சொல்லிச் சிரிக்கிறார். மேற்கே, சோளக்காடுகளுக்கு அப்பால் இருக்கும் கவுன்டி என்கிற சிறு மாவட்டம் ஒன்றின் நிர்வாகக் குழுவில் இருப்பவர் அவர். இங்கே வரும் மசோதாக்களைப் படித்து, எது கவுன்டிகளின் வயிற்றில் அடிக்கும் என்று முன்கூட்டியே எச்சரிப்பது ஜோலினின் வேலை. தலைப்பில் களை என்று இருந்ததால் இதை அவள் ஒதுக்கிவைத்துவிட்டாள். போன வாரம் இந்த மசோதாவுக்குள் நுழைந்த திருத்தத்தை இன்று காலையில்தான் படித்தாள். கவுன்டிகள் இனி ஆம்புலன்சுக்கென்று வரி போடக் கூடாதாம். வெர்லினின் கவுன்டியில் இருப்பது ஒரே ஆம்புலன்ஸ், அதுவும் அந்த வரியில்தான் ஓடுகிறது. அதை ஓட்டுவது அவர் மனைவி. உயரமான ஜன்னலிலிருந்து விழும் வெயில் அவர் காதுமடலைச் சிவப்பாக்குகிறது. சட்டைப்பையிலிருந்து சூரியகாந்தி விதைகளை எடுத்து அவள் உள்ளங்கையில் கொட்டுகிறார். "நீ படிச்சுச் சொல்றதாலதான் நாங்க நிம்மதியா தூங்குறோம்மா." விதைகள் அவள் வியர்வையில் ஒட்டிக்கொள்கின்றன. "வெர்லின், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..." "இரு இரு, முடியப்போவுது." கடைசி விளக்கும் பச்சையாகிறது. மாடத்தில் கைதட்டக் கூடாது என்பதால், அவர் தொப்பியைத் தூக்கிப் பலகைக்கு மரியாதை செய்கிறார். பிறகு, அவள் பக்கம் திரும்பி, அவளுக்கும்.