கீழ்வீட்டுக் கூரை

வரைபடத்தில் எதை அழித்தாலும், வீட்டிலும் அது அந்த நொடியே இல்லாமல் போய்விடுகிற காலம் அது. பாளையங்கோட்டையில் அண்ணன் சொரிமுத்துவுக்கு மாடி, தம்பிக்குக் கீழ்வீடு என்று பாகம் பிரித்தபோது, வரைபடக் கோப்புகளையும் ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக்கொண்டார்கள்.

மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு சொரிமுத்து கதவைத் திறந்தால், படிக்கட்டைக் காணோம்.

“ஏ தமயந்தி, படி எங்க?” என்று கீழே பார்த்துக் கத்தினார்.

“அது எங்க கோப்புல கெடந்துச்சு அத்தான். வேண்டாததையெல்லாம் ஒதுக்கையில அழிச்சிட்டேன்,” என்றாள் தம்பி மனைவி.

“அப்படியா சங்கதி? ஒன் தலைக்கு மேல கூரை இருக்கான்னு இப்பப் பாரு!”

தம் கோப்பில் இருந்த ‘கீழ்வீட்டுக் கூரை’யைத் தேடிப்பிடித்து அழித்தார். அவர் நின்றுகொண்டிருந்த தரையும் அதுவேதான்.

“வாங்க அத்தான்,” என்றாள் தமயந்தி, அடுப்பை விட்டு நகராமல். “எப்படியோ எறங்கிட்டீங்கல்லா. கால் ரெண்டும் இருக்கா?”