பரண்மேல் பூனை

“ஆறுன சோறு திங்காது புள்ள. சுடச்சுட வைக்கணும். கருவாட்டுத் தலை ஒண்ணு பிசைஞ்சு வையி, போதும்.”

அம்மாக்கண்ணு பேசிக்கொண்டே அடுப்போரம் கிடந்த எலிப்பொறியின் கம்பியைத் தளர்த்திப் பரணில் ஏற்றினாள். கொழும்புக்குப் போகிற பை வாசலில் தயாராக இருந்தது. கண் ஆபரேஷன். திரும்பி வர ஒரு மாதமாவது ஆகும்.

ஜீவராணி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தாள். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துப் பெண். கல்யாணமாகி இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வரிசைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

“பூனை எங்கங்க பெரியம்மா?”

“பரண்ல கெடக்கும். புது ஆளக் கண்டா எறங்காது. நீ தட்ட வச்சுட்டுக் கதவச் சாத்திட்டுப் போயிரு. காலையில வந்து பாரு, காலியா இருக்கும்.”

லயத்தில் யாரும் பூனையைப் பற்றிப் பேசவில்லை. எல்லோரும் வீட்டைப் பற்றித்தான் பேசினார்கள். அம்மாக்கண்ணு கொழுந்து பறித்து ஓய்ந்தவள். புருஷன் செத்துப்போனான். மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான். தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்ய அந்த வீட்டில் ஆளில்லை.

ஆளில்லாமல் கிடக்கிற வீட்டுக்குத் தோட்டம் தன் பூட்டைப் போடும், போட்டால் திறக்காது என்று தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் எல்லோருக்கும் கேட்கச் சொல்லியிருந்தார். வேறு ஆளைக் குடிவைத்தாலும் வீடு பறிபோகும்.

“வீடே போகப் போகுதுன்னு சொல்றாங்க. நீங்க பூனையப் பத்திப் பேசுறீங்க” என்றாள் ஜீவராணி.

“வீடு எங்க போகும்? அதுக்கென்ன காலா இருக்கு? செவத்துக்கு மண்ணு பூசுனது நானு. கூரைக்குத் தகரம் வாங்குனது நானு. எவன் பூட்டக் கொண்டாறான்னு பாப்போம். நீ பூனையப் பாரு.”

“கண்டாக்கு ஐயா கேட்டா என்னங்க சொல்றது? எனக்குப் பொய் வராதுங்க. மூஞ்சியே காட்டிக் குடுத்துரும்.”

“உன்ன யாரு பொய் சொல்லச் சொன்னா? பூனைக்குச் சோறு வைக்கிறேன்னு சொல்லு.”

கொழும்பு பஸ்ஸைப் பிடிக்க, மஸ்கெலியாவுக்குப் போகிற பஸ்ஸில் அம்மாக்கண்ணு ஏறிப் போய்விட்டாள்.

அடுத்த வாரம், கொழுந்து நிறுத்து முடிந்த கையோடு கண்டாக்கு வந்தார். கூடவே வாச்சர் செல்லசாமி. அவன் கையில் புதுப் பூட்டு. ஜீவராணி அப்போதுதான் சோறு வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

“ஒனக்கு இங்க என்ன வேல?”

“பூனைக்குச் சோறு வச்சேங்க.”

“பூனையாவது யானையாவது! செல்லசாமி, பூட்டப் போடு.”

ஜீவராணி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். செல்லசாமி பூட்டோடு நெருங்கினான். அவள் எழுந்திருக்கவில்லை.

“உள்ள உசிரு இருக்குங்க. அத வச்சுப் பூட்டுனா பட்டினியில செத்துப்போகும். அந்தப் பாவம் எனக்கு வேணாம். ஒங்களுக்கு வேணுமா?”

“எந்திரி. ஒம் புருஷன் பேர வெட்டணுமா?”

“வெட்டுங்க. பூனையக் கொல்லாதீங்க.”

லயத்தில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. பக்கத்து வீட்டுச் சின்னராசா கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

“நல்ல பூனைங்க ஐயா. எலி புடிக்க அத அடிச்சுக்க ஆளில்ல.”

“பூனையக் கொன்ன பாவம் ஏழு சென்மத்துக்கும் வெரட்டும்” என்றாள் எதிர்வீட்டுச் சண்முகவடிவு, யாரையும் பார்க்காமல்.

கண்டாக்குக்கு முகம் சிவந்தது. “அப்ப அதப் புடிச்சு வெளிய போடுறா! பெறகு பூட்டு!”

செல்லசாமி உள்ளே போய் அடுப்புத்திட்டில் ஏறிப் பரணுக்குள் போன் வெளிச்சத்தை அடித்தான். நிதானமாகப் பார்த்தான்.

“இருக்குங்க ஐயா. ரெண்டு கண்ணு மின்னுது. கைக்கு எட்டல.”

இறங்கி வந்தவன் பூட்டைக் கண்டாக்கின் கையிலேயே வைத்தான். “எம் பொண்டாட்டி மாசமா இருக்காங்க. நான் பூட்ட மாட்டேன்.”

கண்டாக்கு பூட்டையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். சுற்றி நின்றவர்கள் அவர் கையையே பார்த்தார்கள். “எறங்குனதும் வந்து சொல்லணும்” என்று பொதுவாகக் கத்திவிட்டு நடந்தார்.

மறுபடியும் வந்தார். பூனை இன்னும் இறங்கவில்லை என்றார்கள். அதன்பிறகு மழை பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கம் வந்தாலும் அவர் பூட்டைக் கொண்டுவரவில்லை.

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அம்மாக்கண்ணு திரும்பி வந்தாள். தன் கதவைத் தானே தள்ளித் திறந்தாள். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது.

நடந்ததையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் ஜீவராணிக்கு அழுகை வந்துவிட்டது. “மன்னிச்சிருங்க பெரியம்மா. தட்டு தெனம் காலியாத்தான் ஆச்சு. ஆனா ஒங்க பூனைய ஒரு நாளும் நான் கண்ணால பாக்கல. அது நல்லா இருக்கா என்னன்னே தெரியலீங்க.”

வெளியே சின்னராசா சிரிப்பை அடக்கமாட்டாமல் இருமினான்.

அம்மாக்கண்ணு பரணில் கையை விட்டு எலிப்பொறியை இறக்கினாள். கொக்கியில் ஒரு தேங்காய்ச் சில்லைக் குத்தி, பழைய இடத்திலேயே வைத்தாள்.

“பூனை இருந்தா எனக்கு எதுக்கு புள்ள எலிப்பொறி?”